அம்மா ஏறாத ரயில்

"அந்த நோட்டைக் காட்டுங்க, சார்," என்றேன்.

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த சாரின் விரல்கள் நின்றன. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் தன் பாட்டுக்குக் கடகடத்துக்கொண்டிருந்தது.

"எந்த நோட்டு?"

"உங்க புத்தகத்து முன்னுரையில எழுதியிருக்கீங்களே, இருபது வருஷத்துக்கு முன்னாடி ரயில்ல குறிச்சு வெச்ச நீல அட்டை நோட்டு. அதான்."

இதைக் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. சேர்ந்த முதல் நாளே சொன்னவள் அக்கா. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஆராய்ச்சி மாணவர் அறையில் பக்கத்து மேசை, எனக்கு மூன்று வருஷம் சீனியர், தீசிஸ் இன்னும் முடிந்தபாடில்லை. "கைடுகிட்ட லீவு கேளு, புத்தகம் கேளு, சிபாரிசுக் கடிதம் கேளு. ஆதாரம் மட்டும் கேட்டுடாதே. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவர்கிட்ட ஆதாரம் கேட்டா டாக்டர் பட்டம் தருவாங்க. உயிரோட இருக்கறவர்கிட்ட கேட்டா வீட்டுக்குப் போற பஸ் நம்பர் சொல்வாங்க," என்றாள். சொல்லிவிட்டு எனக்குப் 'பட்டாசு' என்று பெயரும் வைத்தாள். அப்போது நான் வாயே திறந்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே வைத்துவிட்டாள்.

செத்தவரிடம் ஆதாரம் கேட்பது என்று அவள் சொன்னது கிண்டல் இல்லை, அதுதான் எங்கள் வேலை. ஆதிக் கிறிஸ்தவர்கள் எழுதிய நிருபங்களில், அதாவது கடிதங்களில், எழுதியவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. அடி வாங்கினேன், கப்பல் உடைந்தது, சிறையில் கிடந்தேன். நடுவே, 'நான் பொய் சொல்லவில்லை, கடவுள் அறிவார்' என்று ஒரு சத்தியம். கடவுளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. ஆகவே இதில் எதை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்பதே என் தீசிஸ். "அடுத்தவங்க லெட்டரைப் பிரிச்சுப் படிக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டாள் அத்தை. ஆமாம் அத்தை, அதேதான்.

எங்கள் துறையில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு: சின்னச் சின்ன விவரம் இருந்தால் அது உண்மையாக இருக்கும். ஒரு நிருபத்தில், நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வந்த மேலங்கியை வரும்போது எடுத்து வா என்று கேட்டு எழுதியிருக்கிறது. 'பொய் எழுதுகிறவன் மேலங்கியைப் பற்றி எதற்குக் கவலைப்படப் போகிறான்?' என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் எல்லாம் அப்பாவுக்கு எழுதத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் லெட்டர் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். எட்டாம் வகுப்பில் என் லீவு லெட்டரை அப்பா எழுதுவதுபோல் நானே எழுதி, கையெழுத்தையும் போட்டுக்கொள்வேன். 'மகளுக்கு இரவு முழுக்க வாந்தி. இரண்டு முறை போர்வை மாற்றினோம்.' அந்தப் போர்வையைப் படித்துவிட்டு டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போலி நிருபத்தில் எனக்கு முன் அனுபவம் உண்டு என்று நேர்முகத் தேர்வில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விவரத்தை நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது? அதற்கான பதில் எனக்கு அம்மாவிடமிருந்து கிடைத்தது.

அப்பா பெயிண்டர். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தது நான். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு நாளுக்கு ஒரு கோடாகப் போட்டு வைத்தேன், அதனால் கணக்கு தப்பாது. அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். துணி வாங்க வருகிறவர்களிடம், "ஒரு மாசங்க! ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தாரு," என்பாள். தெருமுனைக்குப் போனால் அது நாற்பது நாள் ஆகிவிடும். ஆனால் தினமும் ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பக்கத்தில் இருந்தால் மட்டும் அம்மா வாயிலிருந்து, "பதினேழு நாளுங்க, இல்ல அண்ணி?" என்று கச்சிதமாக வரும்.

அம்மா பொய்க்காரி இல்லை. எந்தக் காதுக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். அப்படியென்றால் சொல்கிற வாயை விட்டுவிட்டுக் கேட்கிற காதைப் பார்க்க வேண்டும். கேட்கிறவர்களில் எத்தனை பேர் ஃபிளாஸ்க்கோடு வந்தவர்கள்?

அதைக் கடிதக்காரர் மேல் போட்டுப் பார்த்தேன். சத்தியம் செய்தவருக்கு எங்கள் துறையில் அதுதான் செல்லப் பெயர். தலைநகரத்துக்குப் போய்த் தலைமை அப்போஸ்தலர் வீட்டில் பதினைந்து நாள் மட்டும் தங்கினேன், வேறு யாரையும், ஒரே ஒருவரைத் தவிர, பார்க்கவில்லை என்கிறார். யாரிடமும் பாடம் கேட்டு வந்தவன் இல்லை நான் என்று காட்டிக்கொள்ள அவருக்கு எண்ணிக்கை சின்னதாக வேண்டும். ஆக, சுருக்கிச் சொல்ல ஆசை உண்டு. ஆனால் அந்தக் கடிதம் வாசிக்கப்படும் கூட்டத்தில் அவருக்கு ஆகாதவர்களும் இருந்தார்கள், அந்த நகரத்து விஷயம் தெரிந்தவர்கள். ஒரு மாதம் தங்கிவிட்டுப் பதினைந்து என்று எழுதினால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். அத்தை பக்கத்தில் இருக்கும்போது அம்மா சொல்கிற கணக்கு அது.

இதையெல்லாம் முப்பது பக்கக் கருத்தரங்குக் கட்டுரையாக எழுதி, அம்மா கதையை முதல் பக்கத்திலேயே வைத்து, சாரிடம் கொடுத்தேன். இரண்டரை வருஷம் ஆகிறது. பச்சை மையில் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'நன்று. வீட்டுக் கதை ஆய்வுக்கு உதவாது, நீக்கவும்.'

நீக்கினேன். அழுகையாக வந்தது, இருந்தாலும் நீக்கினேன். தீசிஸில் அம்மா இல்லை.

போன வாரம் சார் தன் புதுப் புத்தகத்தின் அச்சுப்படியைக் கொடுத்து, "பக்க எண்ணெல்லாம் சரியா இருக்கா பாரும்மா," என்றார். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் முன்னுரை. ஒவ்வொரு புத்தகத்திலும் முன்னுரைதான் நீளம், அதில் அவர் வாழ்க்கை வரும். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவுக்குச் சிரிப்பு காட்டலாம் என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாள். ரயில் பயணம். எதிரே எளிய பெண்மணி ஒருவர். தன் கணவர் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறார். அடுத்த நிலையத்தில் அவருடைய நாத்தனார் ஏறுகிறார். உடனே அது பதினேழு நாளாகிவிடுகிறது. 'அக்கணமே என் நீல நிற நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.'

என் குரல் பாதியில் நின்றுவிட்டது.

"ஏய் பட்டாசு, இது உங்கம்மா கதைதானே?" என்றாள் அக்கா. அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தேன்.

"எங்கம்மாவை ரயில்ல ஏத்திட்டார், அக்கா."

"டிக்கெட் எடுத்தாரா பாரு. 'எளிய பெண்மணி'யா? அந்த ஒரு வார்த்தைக்கே உங்கம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுவாங்க." சிரித்துவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினாள். "விட்டுடு. எங்களுக்கெல்லாமும் ஒண்ணு ரெண்டு போயிருக்கு. கேட்கிற வழக்கம் இல்லை."

நான் மேலே படித்தேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க என் முறைதான், என் வாக்கியங்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நின்றன. அறுபத்து நாலாம் பக்கத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். கடிதக்காரர் தலைநகரத்தில் பதினேழு நாள் தங்கினார் என்று இருந்தது.

பதினைந்துதான். எந்தப் பதிப்பை எடுத்தாலும், எந்த மொழியில் பார்த்தாலும் பதினைந்து. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் பதினேழு என்று எழுதியிருக்கிறது, அது என் கருத்தரங்குக் கட்டுரையின் பதினோராம் பக்கம். வேறு ஒருவர் இடத்தில் நாளை எண்ணிக்கொண்டு தங்குவது என்றால் என் மண்டையில் அது பதினேழு நாள்தான். கை தானாக எழுதிவிட்டது. ஒரு மாதம் கழித்து நானே கண்டுபிடித்து, வெட்கப்பட்டு, தீசிஸில் திருத்திவிட்டு, யாரிடமும் மூச்சுவிடவில்லை. சாரும் பிடிக்கவில்லை. அவருக்கு அத்துப்படியானது பிற்காலத்துத் திருச்சபைச் சட்டங்கள். நிருபங்கள் பக்கம் அவர் வந்ததே நான் சேர்ந்த பிறகு.

கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிடுகிறவர்களுக்கு முதல் மாதமே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. இரண்டு பிரதியில் ஒரே சரி இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே தப்பு இருந்தால் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது. இந்தத் தப்பைச் செய்ய எங்கள் வீட்டில் பிறந்து, அந்தக் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் கேட்டேன். "அம்மா, அப்பா எத்தனை நாள் ஆஸ்பத்திரியில இருந்தார்?"

"ஒரு மாசம்," என்றாள் பட்டென்று.

"நான்தானே கூட இருந்தேன்?"

"அப்ப பதினேழு. தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி கேக்கறே?"

விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். "நான் புத்தகத்துல வர்றேனா?" அப்புறம், "ரயில்லயா? எனக்குத்தான் ரயில் ஏறினாலே குமட்டுமே. உங்கப்பாவைக் கேளு, கல்யாணத்துக்குக்கூட பஸ்ல வந்தவ நான்." துணிப்பையின் பிடியைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு எழுதினப்ப நான் உதவமாட்டேன்னு சொன்னாராமா?"

"ஆமா."

"அவர் எழுதறப்ப மட்டும் உதவறேனா?"

இதற்கு மேல் ஒரு கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டுவிட முடியாது. கடைசியாக, "அந்த அம்மா என்ன கலர்ல உடுத்தியிருந்தாங்கன்னு கேளு. திருதிருன்னு முழிப்பார்," என்றாள். அது வேலைக்காகாது என்று எனக்குத் தெரியும். கலர் கேட்டால் கலர் சொல்வார். போர்வை மாற்றியவள் நான், எனக்குத் தெரியாதா?

அதனால்தான் இன்று, சார் கூப்பிட்டதும், நோட்டைக் கேட்டேன்.

அவர் கூப்பிட்டது வேறு காரியத்துக்காக. மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, என் தீசிஸ் சமர்ப்பிக்கத் தகுதியானது என்று அவர் கையெழுத்திட வேண்டிய சான்றிதழ். வெள்ளிக்கிழமை கடைசி நாள், தவறினால் ஒரு வருஷம். இன்னொன்று நான் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழி: 'இவ்வாய்வின் அடிப்படை முறையை என் நெறியாளர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வகுத்திருந்தார் என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன்.'

"புத்தகம் முதல்ல வந்துடும். நாளைக்கு யாராவது நீ என்கிட்டேருந்து எடுத்தேன்னு சொல்லிடக் கூடாதில்லையா? உன் நல்லதுக்குத்தாம்மா," என்று பேனாவைத் திறக்கப் போனபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நோட்டு வீடு மாத்தும்போது போயிடுச்சும்மா," என்றார் இப்போது. "ஆனா எல்லாம் கண்ணுக்குள்ளேயே இருக்கு. அந்த அம்மா மடியில ஒரு பை. ஜிப் பிஞ்சு போய், ஊக்கு குத்தியிருந்தாங்க."

மேலங்கி வந்துவிட்டது. இவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. ஊக்கு நன்றாகத்தான் இருந்தது, நானாக இருந்தாலும் ஊக்குதான் குத்தியிருப்பேன்.

"நாத்தனார் எந்த ஸ்டேஷன்ல ஏறினாங்க, சார்?"

"நீ என்ன போலீஸா?"

"இல்ல சார், உங்க ஸ்டூடண்ட்."

முகம் சிவந்துவிட்டது. "இந்தா பாரு. உன்னை மாதிரி வீட்டிலேருந்து வர்ற பிள்ளைங்களுக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்னு இந்தக் கட்டடத்தைக் கேளு. அந்தக் கதை எந்த வீட்டிலயும் நடக்கிறதுதான். உங்க வீட்டில நடந்தா ரயில்ல நடக்கக் கூடாதா?"

"நடக்கலாம் சார். அறுபத்து நாலாம் பக்கம் எடுங்க."

எடுத்தார்.

"கடிதக்காரர் எத்தனை நாள் தங்கினார்?"

"பதினேழு," என்று வாசித்தார்.

"பின்னாடி அலமாரியில மூலம் இருக்கு."

அவர் எழுந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்தார். பக்கம் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. விரல் வரியில் போய் நின்றது. மின்விசிறி அந்தப் பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அச்சுப்பிழை," என்றார்.

பையிலிருந்து என் கட்டுரையின் பதினோராம் பக்கத்தை எடுத்து அதன் மேல் வைத்தேன். 'பதினேழு நாள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பச்சை மையில் அழகாக ஒரு டிக். அவர் போட்டதுதான். அந்த இடம் பிடித்திருக்கிறது.

சார் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன், பதிலுக்குக் கத்த நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவரோ சின்னக் குரலில், "நான் நிஜமாவே அந்த ரயில்ல போனதாத்தான் நினைச்சுட்டு இருந்தேன்," என்றார்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் என் முறைப்படியே பார்த்தால், இந்த உலகத்தில் அவரை மறுக்கக்கூடிய ஒரே காதிடம் சொல்கிறார். அதற்கு ஒரு மதிப்பு கொடுத்தாக வேண்டும். இரண்டரை வருஷத்தில் என் அம்மா அவர் தலைக்குள் மெல்ல மெல்ல ரயில் ஏறியிருக்கலாம், மழையும் ஊக்கும் வழியில் சேர்ந்திருக்கலாம். இருக்கட்டும். ஆனால் உறுதிமொழித் தாள் தலைக்குள் தானாக டைப் ஆகாது. யாரோ உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும்.

"சரி, ஒண்ணு செய்யலாம்," என்றார், கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு. கண்ணாடி ஏறியதும் குரலும் ஏறிவிட்டது. "முன்னுரைக் கடைசியில உன் பேர் போடறேன். 'என் மாணவி உதவினாள்'னு. பதினேழைப் பதினைஞ்சா மாத்திடறேன். நீ இதுல கையெழுத்துப் போடு, நான் அதுல போடறேன். வெள்ளிக்கிழமை சமர்ப்பிச்சுடு. உங்கம்மா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!"

"எந்தம்மா சார்? ரயில்ல வந்தவங்களா?"

அவர் பேனாவைச் சான்றிதழ் மேல் வைத்தார். இரண்டு தாளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒரு சின்ன கையெழுத்து, என் பெயரில் மூன்றே எழுத்து. போட்டால் வெள்ளிக்கிழமை சமர்ப்பிப்பு, வருஷக் கடைசியில் எங்கள் வீட்டில் முதல் டாக்டர். பெயருக்கு முன்னால் பட்டம், உள்ளே என்னுடையது என்று ஒரு பக்கம்கூட இருக்காது. பேனா நல்ல பேனா. கனமாக இருக்கும் போலிருந்தது.

பதினோராம் பக்கத்தை எடுத்துப் பையில் வைத்தேன்.

"பதினேழை மாத்திக்குங்க சார். அச்சுப்படியோட நகல் என்கிட்ட இருக்கு. இன்னொரு நகலைப் பதிவாளர் அலுவலகத்துல கொடுக்கப் போறேன்."

"நல்லா யோசிச்சுப் பேசும்மா. ஒரு வருஷம் போயிடும்."

அதையேதான் காலை ஒன்பதரைக்குக் கிரேக்க டீச்சரும் சொன்னார். கிரேக்கம் நடத்துகிறவர். எல்லோரையும் ஃபெயில் ஆக்குவதற்குப் பேர்போனவர், என்னையும் ஒரு தடவை ஆக்கியிருக்கிறார். பக்கம் பதினொன்றையும் பக்கம் அறுபத்து நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, நெறியாளர் மாற்ற விண்ணப்பத்தில் புது நெறியாளராகக் கையெழுத்துப் போட்டார். "ஒரு வருஷம் போகும், தெரியுமில்ல?" அவ்வளவுதான். என் கையெழுத்தை நான் பஸ் ஸ்டாப்பிலேயே போட்டுவிட்டேன், முழங்காலில் வைத்து, கொஞ்சம் கோணலாக. அந்தத் தாள் பையில்தான் இருந்தது. அப்புறம் எதற்கு இந்த அறைக்கு வந்தேன் என்றால், ஒருவரைப் பொய்யர் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அவர் வாயால் ஒருதரம் கேட்டுவிட வேண்டும். செத்தவரிடம் அதற்கு வழியில்லை. உயிரோடு இருக்கிறவரிடம் கேட்கலாமே.

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன் சார்," என்றேன். நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினேன்.

வெளியே கதவுக்குப் பக்கத்தில் அக்கா, கையில் ஏதோ ஃபைலோடு, சும்மா நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"நோட்டைக் காட்டினாரா?"

"ஊக்கைக் காட்டினார்."

அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று கை காட்டிவிட்டு மாடிப்படியில் இறங்கினேன். பதிவாளர் அலுவலகம் எதிர்க் கட்டடம், ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டுவிடுவார்கள். இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நடந்துகொண்டே அம்மாவுக்கு ஃபோன் போட்டு, இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி, ஆகட்டும்," என்றாள். யாரோ துணி வாங்க வந்திருந்தார்கள் போல. ஃபோனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணுதாங்க. டாக்டர் பட்டம். ரெண்டே மாசத்துல முடிஞ்சுடும்," என்று அவர்களிடம் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அத்தையிடம் மட்டும் ஒரு வருஷம் என்று சரியாகச் சொல்வாள். நான் வெயிலில் இறங்கி எதிர்க் கட்டடத்தைப் பார்த்து நடந்தேன்.